ஒரு லட்சம் காணுமா? வெளிநாட்டு ஓய்வூதியத்தில் வன்னியில் வாழும் கணக்கு

கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் சுவிஸில் இருந்தும் கோயில் திருவிழாவுக்கு ஊருக்கு வருபவர்களில் பலர், திரும்பிப் போகும் முன் கேட்டுவிட்டுப் போகும் கேள்வி ஒன்று உண்டு. "ஓய்வு எடுத்தபிறகு இங்க வந்து இருந்தால், மாதம் ஒரு லட்சம் ரூபா காணும்தானே?" இலங்கையின் வடக்கே வன்னியில், கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இருப்பவரிடம் கேட்டால், "ஒரு லட்சமா, தாராளமாகக் காணும்" என்பார் ஒருவர். "சாமான் விக்கிற விலைக்கு எப்படிக் காணும்" என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே தங்கள் வாழ்க்கையை வைத்துத்தான் சொல்கிறார்கள். அவர்களின் பதில் ஏன் இவ்வளவு வேறுபடுகிறது என்பதைப் புரிந்துகொண்டால், உங்கள் கணக்கை நீங்களே போட்டுவிடலாம்.

மலிவு எங்கிருந்து வருகிறது

ஒரு நாடு மலிவு என்று சொல்லும்போது, அங்கே எல்லாமே விலை குறைவு என்று மனம் எடுத்துக்கொள்கிறது. உண்மையில் சந்தையில் இருப்பவை இரண்டு வகை.

1. எல்லை தாண்டி விற்கக்கூடியவை: பெற்றோல், காஸ், மருந்து, பால்மா, சீனி, கோதுமை மா, கைத்தொலைபேசி, வாகனம். இவற்றுக்கு உலக விலை ஒன்று இருக்கிறது. இலங்கைக்கு வரும்போது கப்பல் கூலியும் வரியும் அதன்மேல் ஏறும். கிளிநொச்சியில் இருக்கிறோம் என்பதற்காக ஒரு ஐபோன் மலிவாகக் கிடைக்காது.

2. அந்த இடத்திலேயே ஒரு மனிதர் செய்து தரவேண்டியவை: முடிவெட்டு, வேலி அடைப்பு, மேசன் வேலை, சமையல், வீடு கூட்டுவது, ஓட்டோ ஓட்டுவது. இவற்றின் விலை அந்த ஊரின் கூலியைப் பொறுத்தது. இலங்கையில் கூலி குறைவு. ஆகவே இவை மலிவு.

இந்த இரண்டையும் கலந்து சராசரி எடுத்தால் இலங்கையின் விலைமட்டம் அமெரிக்காவினதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு என்று வரும். அந்தச் சராசரியை அப்படியே பிடித்துக்கொள்வதில்தான் பலர் பிழைவிடுகிறார்கள். உங்கள் மாதச் செலவில் முதலாம் வகை எவ்வளவு, இரண்டாம் வகை எவ்வளவு என்பதுதான் உங்களுக்கு வன்னி மலிவா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது. முற்றத்து முருங்கையும் கிணற்றுத் தண்ணீருமாக வாழ்பவருக்கு மலிவு. ரொறன்ரோவில் வாழ்ந்த வாழ்க்கையை அப்படியே கொண்டுவந்து இறக்க நினைப்பவருக்கு ரொறன்ரோவைவிடச் செலவு கூடிவிடவும் கூடும்.

2022இன் கணக்கு இன்று ஏன் பொருந்தவில்லை

"போன முறை வந்தபோது எவ்வளவு மலிவாக இருந்தது, இப்போது ஏன் இப்படி?" என்ற குழப்பமும் உண்டு. அது எந்த ஆண்டில் வந்தீர்கள் என்பதைப் பொறுத்தது.

2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு அமெரிக்க டொலர் சுமார் 200 ரூபா. மத்திய வங்கி ரூபாவின் பெறுமதியைப் பிடித்து வைத்திருப்பதைக் கைவிட்டதும், மே மாதத்தில் அது 360 ரூபாவைத் தொட்டது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். ஊரில் ரூபாவில் சம்பளம் எடுத்தவரின் பணம் கண்முன்னே கரைந்தது. அதேநேரம் டொலர் வைத்திருந்தவருக்கு ஒவ்வொரு டொலருக்கும் 80 வீதம் கூடுதலாக ரூபா கிடைத்தது. விலை ஏறிய வேகத்தோடு அவருடைய பணமும் ஏறியது. அந்த நாட்களில் வந்துபோனவரின் மனதில் "அங்கே எல்லாம் மலிவு" என்று பதிந்ததில் வியப்பில்லை.

அப்புறம் நடந்ததைத்தான் பலர் கவனிக்கவில்லை. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் கடன் திட்டம் ஒப்புதல் பெற்றது. ரூபா மெல்ல மெல்ல நிமிர்ந்து, 2024 முடிவில் டொலர் 293 ரூபா அளவுக்கு வந்தது. 2024 ஜனவரியில் வற் வரி 15 வீதத்தில் இருந்து 18 வீதமானது. பணவீக்கம் இறங்கியது என்ற செய்தியைப் பார்த்து விலையும் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது என்று நினைக்கிறார்கள். இறங்கியது ஏறும் வேகம். 2024 செப்டம்பர் தொடக்கம் சில மாதங்கள் சுட்டெண் கொஞ்சம் கீழே போனதும் உண்மை. ஆனால் 2022இல் ஏறிய ஏற்றத்தின் முன்னால் அது மிகச் சிறியது. ஆக, டொலருக்குக் கிடைக்கும் ரூபா குறைந்துவிட்டது, சாமான் விலையோ பெரும்பாலும் மேலேயே நின்றுவிட்டது. 2022இல் எழுதி வைத்த கணக்குக் கொப்பியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத்தான் தொடங்கவேண்டும்.

ஒரு சந்தைப் பை

கிளிநொச்சிச் சந்தைக்கு ஒரு காலை போய் வருவதாக வைத்துக்கொள்வோம். பையின் அடியில் அரிசி. 2024 டிசம்பரில் அரசு விதித்த உச்ச விலைப்படி நாட்டரிசி கிலோ 230 ரூபா, சம்பா 240. இரண்டு பேருக்கு மாதம் 15 கிலோ என்றால் 3,450 ரூபா. அதன்மேல் கத்தரிக்காய், பயற்றங்காய், ஒரு கட்டு வல்லாரை, முல்லைத்தீவுக் கரையில் இருந்து விடிய வந்த மீன். இவ்வளவும் பக்கத்து மண்ணிலும் கடலிலும் விளைந்தவை. காலபோக அறுவடையில் நெல்லு வரும்போதும், காற்று மாறி மீன் படும்போதும் விலை இறங்கும், மற்ற நேரம் ஏறும். இந்தப் பை டொலர்க்காரருக்குச் சுமையே இல்லை.

அதே பையில் ஒரு பால்மாப் பக்கற், ஒரு போத்தல் ஒலிவ் எண்ணெய், சீஸ், அப்பிள், பேரப்பிள்ளைக்குப் பம்பேர்ஸ் என்று சேர்த்தால் பில்லின் முகமே மாறிவிடும். 2025இல் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 3,690 ரூபா, பெற்றோல் லீற்றர் 300 ரூபா அளவில் இருந்தது.

வாகனம்தான் எல்லாவற்றையும்விடக் கொடுமை. 2020 மார்ச்சில் நிறுத்திய தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி தொடங்கியது. சுங்கவரி, உற்பத்தி வரி, விலை கூடிய வண்டி என்றால் சொகுசு வரி, இவற்றோடு 18 வீத வற் வரி என்று அடுக்கப்படுகிறது. "அங்க ஒரு சின்னக் கார் வாங்கி ஓடலாம்" என்று எளிதாகச் சொல்பவர்கள், ஒரு விற்பனை நிலையத்தில் விலை கேட்டபிறகு மோட்டார் சைக்கிளுக்கோ தெருமுனை ஓட்டோவுக்கோ வந்துவிடுகிறார்கள். அது நல்ல முடிவுதான். வன்னியை ஊடறுத்துப் போகும் ஏ9 வீதியில் இரவில் மாடுகள் படுத்திருக்கும். வெளிநாட்டில் ஓடிப் பழகிய கைக்கு அந்த வீதி பழக நாளாகும்.

கரண்டும் தண்ணீரும்

மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் இன்னும் 66 வீதமும் கூட்டப்பட்டது. இரண்டையும் பெருக்கினால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. பிறகு பலமுறை குறைத்தும் கூட்டியும் வருகிறார்கள். 2025 ஜனவரியில் 20 வீதம் குறைத்து, ஜூனில் 15 வீதம் கூட்டினார்கள்.

வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறும் முறையில் இருக்கிறது. மாதம் 60 யூனிட்டுக்குள் நிற்கும் வீட்டுக்கு ஒரு விலைப்பட்டியல். அதைத் தாண்டினால் வேறு விலைப்பட்டியல். 180ஐத் தாண்டினால் உச்சவிலை. ஒரு சாதாரண ஒரு டன் ஏசி மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் இழுக்கும். இரவில் எட்டு மணிநேரம் போட்டால் மாதம் 240. அதாவது ஏசி ஒன்றே உங்களை உச்சப் படியில் ஏற்றிவிடும். பக்கத்து வீட்டுக்காரர் மின்விசிறியோடும் வேப்பமர நிழலோடும் கட்டும் பில்லையும் உங்களுடையதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே ஊர் என்று நம்பமுடியாது. மாபிள் பதித்த, தட்டையான கொங்கிறீற் கூரை போட்ட வீட்டைக் கட்டிவிட்டு வெயிலைக் குறை சொல்வதில் பயனில்லை. ஓட்டுக்கூரை, உயர்ந்த சுவர், சுற்றி விறாந்தை, கிழக்கு மேற்கில் மரம் என்று பழைய வீடுகளில் இருந்தவை வெறும் பழமைக்காக இருந்தவை அல்ல.

தண்ணீரை இன்னும் கவனமாகப் பார்க்கவேண்டும். வன்னியின் பல இடங்களில் கிணற்றுத் தண்ணீர் கடினமானது. ஒரு புதிய கேத்திலில் ஒரு மாதம் தண்ணீர் கொதிக்கவைத்துவிட்டு அடியைச் சுரண்டிப் பாருங்கள். வெள்ளைப் படலம் ஓடுபோலக் கழன்று வரும். பூநகரிப் பக்கம் சவர் பிரச்சினை. வவுனியாவின் சில பகுதிகளில், வடமத்திய மாகாணத்தில் பரவலாகக் காணப்படும் காரணம் தெரியாத சிறுநீரக நோயும் இருக்கிறது. அதற்குத் தண்ணீர்தான் காரணம் என்று இன்னும் உறுதியாக நிறுவப்படவில்லை. என்றாலும் குடிதண்ணீரை வடிகட்டிக் குடிப்பதே புத்தி. ஆகவே காணியின் விலையோடு குழாய்க்கிணறு, மோட்டர், தாங்கி, வடிகட்டும் இயந்திரம் நான்கையும் சேர்த்துத்தான் விலையாகப் பார்க்கவேண்டும்.

அங்கிருந்து வரும் பணம் முழுதாக வருமா

செலவைப் பற்றி மணிக்கணக்கில் பேசுபவர்கள்கூட இந்தப் பக்கத்தைத் தொடுவதில்லை. ஓய்வூதியம் என்று வீட்டில் பேசப்படும் தொகைக்குள் பெரும்பாலும் இரண்டு மூன்று வேறு வேறு பணங்கள் இருக்கின்றன. நாட்டை விட்டு வெளியேறியதும் அவற்றில் சில நின்றுவிடும்.

1. பிரித்தானியா: அரச ஓய்வூதியம் இலங்கைக்கு வரும். ஆனால் ஆண்டுதோறும் கூட்டப்படும் தொகை இலங்கையில் வசிப்பவருக்குக் கிடைக்காது. நீங்கள் வந்து குடியேறிய நாளில் என்ன தொகையோ, அதே தொகையில் அது உறைந்து நிற்கும். விலைவாசி ஆண்டுக்கு 6 வீதம் ஏறினால் 12 ஆண்டில் இரண்டு மடங்காகும். ரூபா அதேயளவு விழாவிட்டால் உங்கள் ஓய்வூதியத்தின் வாங்கும் சக்தி அந்த 12 ஆண்டில் பாதியாகிவிடும். 66 வயதில் வருபவருக்கு 78 வயதில், மருந்துச் செலவு கூடும் நேரத்தில், இந்த அடி விழும்.

2. கனடா: வேலை செய்து பங்களித்த சி.பி.பி. (கனடா ஓய்வூதியத் திட்டம்) எந்த நாட்டுக்கும் வரும். முதியோர் பாதுகாப்பு ஓய்வூதியம், 18 வயதுக்குப் பிறகு கனடாவில் 20 ஆண்டு வாழ்ந்தவருக்கே தொடர்ந்து வெளிநாட்டுக்கு வரும். 2010இல் போய்ச் சேர்ந்தவருக்கு அந்த 20 ஆண்டு 2030இல்தான் நிறையும். வருமானம் குறைந்தவருக்குக் கொடுக்கும் மேலதிகத் தொகை ஆறு மாதத்துக்கு மேல் வெளியில் இருந்தால் நின்றுவிடும். நம் தாய் தந்தையரில் பலருக்கு அந்த மேலதிகத் தொகைதான் பெரிய பங்கு. ஒன்ராறியோவின் மருத்துவக் காப்புறுதிக்கு, எந்த 12 மாதத்திலும் 153 நாள் அங்கே இருக்கவேண்டும்.

3. ஜேர்மனி, சுவிஸ்: சிறு ஓய்வூதியத்தை ஈடுகட்ட அரசு தரும் உதவித்தொகை அந்த நாட்டில் வசிப்பவருக்கு மட்டும்தான். ஜேர்மனியில் நான்கு வாரத்துக்கு மேல் தொடர்ந்து வெளியே நின்றால் அது நிறுத்தப்படும்.

கையில் இருக்கும் தொகையில் எது உங்களோடு வரும், எது விமான நிலையத்திலேயே நின்றுவிடும் என்பதை எழுதிப் பிரித்துப் பார்க்காமல் அங்குள்ள வீட்டை விற்காதீர்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன்.

சொந்த ஊர், வெளிநாட்டுக் கடவுச்சீட்டு

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தவர் இலங்கைக் குடியுரிமையை இழக்கிறார். பரந்தனில் பிறந்து வளர்ந்தவராக இருந்தாலும் சட்டத்தின் பார்வையில் அவர் வெளிநாட்டவர். இதிலிருந்து மூன்று விளைவுகள் வருகின்றன.

1. தங்குவது: இரட்டைக் குடியுரிமை எடுத்தால் விசா வேண்டாம். எடுக்காதவர்களில் 55 வயதைத் தாண்டியவர்களுக்கு நீண்டகால விசா ஒன்று இருந்துவருகிறது. 15,000 டொலர் வைப்பில் இடவேண்டும், மாதம் 1,500 டொலர் கொண்டுவரவேண்டும் என்பது அதன் நிபந்தனை. விசா விதிகள் அடிக்கடி மாறுவதால், பத்தரமுல்லையில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் நேரே கேட்டுக்கொள்வது நல்லது.

2. காணி வாங்குவது: 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவர் காணி வாங்குவதைத் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்குத் தடை இல்லை. பெற்றோரிடம் இருந்து முதுசமாக வருவதற்கும் விலக்கு உண்டு. 99 ஆண்டுவரை குத்தகைக்கு எடுக்கலாம்.

3. எந்தக் காணி என்பது: யாழ்ப்பாணத்து வழக்கத்தை மனதில் வைத்து வருபவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். அங்கே பரப்புக் கணக்கில் உறுதிக் காணி. வன்னியில் ஏக்கர் கணக்கு, அதிலும் குடியேற்றத் திட்டங்களில் கொடுத்த பெரும்பகுதி 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த பேர்மிட் காணி. அதன் சொந்தக்காரர் அரசுதான். பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் அதை விற்கமுடியாது. "ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்து வைத்தால் போதும், அண்ணை" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தில் எழுந்துவிடுங்கள். அந்தத் தாளுக்கு எந்தப் பெறுமதியும் இல்லை. பணம் போனபிறகு வழக்குப் போட்டாலும் உங்கள் கையில் உறுதி இருக்காது.

போர் நடந்த நிலம் என்பதையும் மறக்கக்கூடாது. முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை பல ஆண்டுகள் இழுத்தது. பற்றைக்காட்டை மலிவாக வாங்கும் முன், அந்தத் துண்டு துப்புரவாக்கி ஒப்படைக்கப்பட்டதா என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

வருத்தம் வந்தால்

அரச மருத்துவமனையில் இலங்கைக் குடிமக்களுக்கு மருத்துவம் இலவசம். 1990 என்ற எண்ணுக்கு அடித்தால் வரும் அம்புலன்ஸ் சேவை 2018இல் வடக்குக்கும் வந்தது, அதுவும் இலவசம். கிளிநொச்சியில் மாவட்டப் பொது மருத்துவமனை இருக்கிறது, முல்லைத்தீவுக்கு மாஞ்சோலை. பெரிய சிக்கல் என்றால் யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனை. கிளிநொச்சி நகரில் இருந்து ஒரு மணிநேரத்துக்கு மேல் ஓட்டம். புற்றுநோய்க்குத் தெல்லிப்பழை. கொழும்பு 300 கிலோமீற்றருக்கும் அப்பால். மாரடைப்பு வந்த ஒருவருக்கு எவ்வளவு விரைவாகச் சிகிச்சை கிடைக்கிறது என்பதே உயிர். முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானின் உள்ளே ஐந்து ஏக்கர் வாங்குவதற்கும் கிளிநொச்சியில் 155ஆம் கட்டைக்குப் பக்கத்தில் சின்ன வீடு எடுப்பதற்கும் உள்ள விலை வித்தியாசத்தில் இந்த நேரத்தின் பெறுமதியும் அடங்கியிருக்கிறது.

சரி, ஒரு லட்சம் காணுமா

சொந்த வீடும் நல்ல கிணறும் இருந்து, ஏசியும் காரும் இல்லாமல், ஊர்ச் சாப்பாடு சாப்பிட்டு, அரச மருத்துவமனைக்குப் போகத் தயங்காத ஒரு தம்பதிக்குக் காணும் என்பது என் மதிப்பீடு. வாடகை, கார், ஏசி, தனியார் மருத்துவம், ஆண்டுக்கு ஒருமுறை பிள்ளைகளைப் பார்க்க விமானச் சீட்டு என்று ஒவ்வொன்றாகச் சேரச் சேர அது இரண்டாகி, மூன்றாகி, அதற்கும் மேலே போகும். விமானச் சீட்டு உலக விலை. அதற்கு ஊர் மலிவு உதவாது.

ஊரில் இருப்பவருக்கு என்ன ஆகிறது

விசா நிபந்தனையில் சொல்லும் 1,500 டொலர், டொலருக்கு 300 என்று வைத்தால் 450,000 ரூபா. தனியார் துறையின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாக உயர்ந்தது. அந்தக் கணக்கில் ஏறத்தாழ 17 மடங்கு வித்தியாசம். 2025 விலையில் ஒரு காஸ் சிலிண்டர் ஓய்வூதியக்காரரின் வருமானத்தில் நூற்றில் ஒன்றுகூட இல்லை. அந்தக் குறைந்தபட்சச் சம்பளம் எடுக்கும் தொழிலாளிக்கு அது சம்பளத்தின் ஏழில் ஒரு பங்கு. அதனால்தான் அவர் வீட்டில் இன்னும் விறகு எரிகிறது. தொடக்கத்தில் சொன்ன இரண்டு பதில்களும் இங்கிருந்துதான் வந்தன.

இரண்டாம் வகையில் மலிவு என்று நாம் எழுதி வைத்தது இன்னொருவரின் குறைந்த கூலி. போரில் கணவனை இழந்து தனியே குடும்பம் நடத்தும் பெண்கள் வன்னியில் ஏராளம். வீடு கூட்டவும் சமைக்கவும் வருபவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். வீட்டு வேலைக்கு ஊழியர் சேமலாப நிதி கிடையாது. ஐரோப்பாவில் 30 ஆண்டு உழைத்து ஓய்வூதியத்தோடு வந்தவரின் வீட்டில் 20 ஆண்டு சமைத்தவருக்கு முதுமையில் அந்த வேலையால் ஒரு சதமும் வராது. கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பதோடு, அவர் பெயரில் வங்கியில் ஒரு சேமிப்பைத் திறந்து மாதாமாதம் போட்டுவிட்டால் அந்தக் குறையை ஓரளவு நிரப்பலாம். உங்கள் செலவுக் கொப்பியில் அது ஒரு சின்ன வரி.

காணி வேறு கதை. வெளிநாட்டுப் பணத்தோடு போட்டி போட்டு ஏ9 ஓரத்தில் ஒரு துண்டு வாங்க இங்கே உழைக்கும் இளம் குடும்பத்தால் முடியாது. வாங்கி வேலி அடைத்துப் பூட்டிவிட்டுப் போன காணிகளில் பற்றை வளர்ந்து, பன்றியும் குரங்கும் குடியிருந்து பக்கத்துத் தோட்டத்தையும் அழிக்கின்றன. வாங்கியவர் வந்து சேரும்வரை அதை ஊரில் ஒருவருக்குக் குத்தகைக்கு எழுத்தில் கொடுத்தால் நிலமும் விளையும், எல்லையும் காப்பாற்றப்படும்.

பெரும்பாலானவர்கள் வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கோ, ஆவணி விடுமுறைக்கோ வரும்போது காணி பார்த்து முற்பணமும் கொடுத்துவிடுகிறார்கள். அந்த ஆண்டு மழை தொடங்குவதற்கு முன், புரட்டாசியில் இன்னொரு முறை வாருங்கள். வாடகைக்கு ஒரு வீடு எடுத்து ஒரு மாதம் இருந்து பாருங்கள். வாங்க நினைக்கும் காணியின் கிணற்றை அப்போது, தண்ணீர் கீழே போயிருக்கும் நேரத்தில் எட்டிப் பார்த்து, ஒரு போத்தலில் தண்ணீர் அள்ளிப் பரிசோதனைக்குக் கொடுத்தபிறகு மீதிப் பணத்தைப் பற்றிப் பேசலாம்.